மைனாவின் இடது முன்னங்கால்

குதிரையின் காலைத் தூக்குவது எப்படி என்று உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. காலைக் கொடுக்காத ஒரு குதிரையைப் பற்றியும், அந்தக் குதிரை இழுத்த வண்டியில் என் பெண் உட்கார்ந்திருந்ததைப் பற்றியும் சொல்கிறேன். கால்நடை ஆஸ்பத்திரியில் உதவியாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கும் ஒருநாள், வேண்டிய மனிதர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மிரண்ட மிருகத்தைப் பிடிக்க வேண்டி வரும். அன்றைக்கு இது உதவலாம். உதவாமலும் போகலாம்.

முதலில் என் முழங்காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். வயது ஆகும் முன்பே என்னை ஓய்வில் அனுப்பக் காரணமான உதை அந்தக் குதிரை மைனாவுடையது அல்ல. அது ஒரு கழுதை கொடுத்தது. சாதுவான கழுதை என்று அதைக் கொண்டுவந்தவர் சொன்னார். மைனா என்னை ஒருமுறைகூட உதைத்ததில்லை. உதைக்கப் பார்த்தது பலமுறை.

மைனா, காதர் பாயின் ஜட்காவில் பூட்டிய பெண் குதிரை. காதர் பாய் தினமும் காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, காவிரிப் பாலம் கடந்து, திருச்சியில் அவர்களுடைய ஸ்கூல் வாசலில் இறக்கிவிடுவார். சாயங்காலம் திரும்ப ஏற்றி வருவார். எங்கள் பக்கத்தில் பெண்களைப் பெற்றவர்கள் அவர் ஒருவரைத்தான் நம்பினார்கள். அவர் வண்டியில் சினிமாப் பாட்டு கிடையாது, பீடி கிடையாது, வழியில் வேறு ஆளை ஏற்றுவது கிடையாது. என் பெண் தனம் அந்த வண்டியில்தான் போனாள். அந்த வண்டி நின்றால் அவள் படிப்பு நின்றது என்று பொருள். பெண் ஒரு வாரம் வீட்டில் இருந்தால் போதும், யாராவது ஒரு ஜாதகத்தோடு வந்துவிடுவார்கள்.

நானும் காலையில் அதே வழியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போவேன். சைக்கிளை ஜட்காவுக்குப் பின்னால் விட்டுக்கொண்டு போவேன். ஜட்காவை முந்துவது கஷ்டமான காரியம் இல்லை. நான் ஒருநாளும் முந்தியதில்லை. ஆஸ்பத்திரியில், "பொண்ணைத் தனியா அனுப்ப மனசு வரலைன்னா, பொண்ணோட குதிரையையும் ஆஸ்பத்திரியிலயே கட்டிப் போட்டுடுங்களேன்" என்பார்கள். பிள்ளை பெறாதவர்களும், ஆண் பிள்ளைகளைப் பெற்றவர்களும்தான் அப்படிச் சொன்னார்கள்.

பின்னாலேயே போகிறவனுக்குக் குதிரையின் நடைதான் எந்நேரமும் கண்ணில் படும். அப்படித்தான் மைனா இடது முன்னங்காலைப் பட்டும் படாமலும் வைப்பதைப் பார்த்தேன். குளம்பு வளர்ந்து முன்னால் நீண்டிருந்தது. லாடம் பழசு. காதர் பாயைக் கேட்டேன்.

"காலைக் கொடுக்க மாட்டேங்குது டாக்டர் சார்" என்றார். நான் டாக்டர் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அவர் வண்டியில் ஏறுகிறவர் எல்லாரும் ஜமீன்தார், பார்க்கிறவர் எல்லாரும் டாக்டர். "நான் கொள்ளு வெச்சா சாப்புடும். முதுகைத் தடவினா நிக்கும். முட்டிக்குக் கீழ கை போச்சுன்னா, அல்லாவே, அப்பறம் யாரு மைனா, யாரு காதர்னு அதுக்குத் தெரியாது."

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னேன். லாடக்காரர் ஆறுமுகம் கத்தியும் குறடும் அரமுமாக வந்தார். வண்டியை அவிழ்த்துவிட்டு, மைனாவை வேப்பமரத்தில் கட்டி, மேலுதட்டில் கயிற்றுச் சுருக்குப் போட்டு முறுக்கிப் பார்த்தோம். மரத்துப் பட்டை உரிந்தது. கண்ணைத் துணியால் கட்டிப் பார்த்தோம். ஆறுமுகத்தின் கத்தி ஆஸ்பத்திரிக் கூரைமேல் போய் விழுந்தது. அடுத்த வாரம் தவிட்டில் வெல்லம் கலந்து முன்னால் வைத்தோம். மைனா வெல்லத்தைத் தின்று முடித்துவிட்டு எங்களைத் துரத்தியது.

எங்கள் டாக்டர், கயிறு போட்டுக் கீழே சாய்த்துவிடலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். காரணம் இருந்தது. காதர் பாய் அந்தக் குதிரையை வாங்கியது உப்பிலியபுரம் பக்கத்து மிராசுதார் ஒருவரிடம். நான் அந்த ஊர்ப் பக்கத்துக்காரன். அங்கே லாடம் என்றால் மாட்டுக்கு. மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, ஒருவர் கழுத்தில் உட்கார்ந்துகொள்ள, இன்னொருவர் லாடம் அடிப்பார். மிராசுதார் வீட்டில் குதிரையும் மாட்டோடு மாடாக நின்றதால், அதற்கும் அப்படியே செய்திருக்கிறார்கள். செய்தவர் பேரில் தப்பில்லை. அவருக்குத் தெரிந்த வேலை அது. மைனாவுக்குத் தெரிந்ததெல்லாம், அவிழ்த்துவிட்டுக் காலைத் தொட்டால் அடுத்தது தரை என்பது. இன்னொரு முறை சாய்த்தால், அதன்பிறகு ஆயுசுக்கும் சாய்த்துத்தான் பார்க்க வேண்டும்.

டாக்டர், "அப்ப வேற என்ன வழி?" என்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதைச் சொன்னேன்.

வண்டியை நிறுத்தும்படி நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நடை மெதுவாக இருந்தாலும் தடுமாறவில்லை. என் பெண் அதில் போகிறாள் என்பதால் நிறுத்தச் சொல்லத் தோன்றியது. அவள் படிப்பு நின்றுவிடும் என்பதால் சொல்லாமலிருக்கத் தோன்றியது. இந்த இரண்டில் எதையும் காரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று குதிரையின் காலை மட்டும் பார்த்து முடிவு செய்தேன். அப்படித்தான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது என் மனைவி, "அந்தக் குதிரைக்கு என்னதான் ஆச்சு?" என்று கேட்டாள். "முன்னங்கால்ல பாரம் கொறஞ்சா வலி கொஞ்சம் தேவலையாகும்" என்றேன். தனம் மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஜட்காவில் போனவர்களுக்குத் தெரியும், அது இரண்டு சக்கரத்தில் நிற்கும் தராசு. வண்டிக்காரர் வழி முழுக்க, "கொஞ்சம் முன்னால வாங்க", "கொஞ்சம் பின்னால போங்க" என்று சொல்லிக்கொண்டே வருவார். முன்னால் பாரம் அதிகமானால் குதிரையின் முதுகில் அழுத்தும். பின்னால் அதிகமானால், குதிரையின் இருபுறமும் நீளும் ஏர்க்கால் மேலே எழும்பி, வயிற்றுப் பட்டை குதிரையைத் தூக்கும்.

மறுநாள் காலை மாம்பழச் சாலை தாண்டி, பாலத்துக்கு ஏறும் மேட்டில் ஜட்கா ஏறியது. நான் வழக்கம்போலப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். வண்டிக்குள் பெண்கள் எல்லாரும் பின்பக்கமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது தெரிந்தது. கடைசியில், பின்வாசலை அடைக்கும் குறுக்குக் கம்பியில் முதுகு சாய்ந்து, தனம். ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யோசித்தேன். காதர் பாய், "முன்னால வாங்க பாப்பா, முன்னால வாங்க" என்று சொல்வது கேட்டது. யாரும் அசையவில்லை.

அதற்குள் வண்டி பின்னால் சாய்ந்துவிட்டது.

சத்தம்கூடப் பெரிதாக இல்லை. பின்பக்கம் தரையில் இடித்தது. ஏர்க்கால் இரண்டும் வானத்தைப் பார்த்தன. காதர் பாய் பக்கவாட்டில் உருண்டு ரோட்டில் விழுந்தார். பெண்கள் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவராகக் குறுக்குக் கம்பியில் வந்து சரிந்தார்கள். எல்லாருக்கும் அடியில் தனம் இருந்தாள். முன்னால், மைனா வயிற்றுப் பட்டையில் தொங்கியது. முன்னங்கால்கள் இரண்டும் தரையைவிட்டு எழும்பி மடங்கியிருந்தன. பின்னங்கால் நுனி மட்டும் ரோட்டைத் தொட்டும் தொடாமலும் இருந்தது.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் வந்தது வண்டியின் பின்பக்கத்திலிருந்து. ஆகவே முதலில் எதிர்ப்பட்டது தனம்தான். கம்பிக்கு வெளியே ஒரு கையை நீட்டினாள். "அப்பா" என்றாள். நான் அவளைத் தாண்டிக்கொண்டு குதிரையின் தலைக்குப் போனேன்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த நிமிஷத்தில் அந்தக் குதிரையைத் தூக்கி வைத்திருந்தது பின்னால் குவிந்திருந்த பெண்களின் பாரம். இரண்டு பெண்கள் குதித்து இறங்கினால் போதும், வண்டி சடாரென்று முன்னால் வரும். மிரண்டுபோன குதிரை நாலு காலில் விழும். பிடிக்க ஆள் இல்லையென்றால், மிச்சமிருக்கும் பெண்களோடு அது பாலத்துக்குள் பாயும். பாலத்தில் எதிரே பஸ் வந்துகொண்டிருந்தது.

கடிவாளத்தைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "யாரும் எறங்காதீங்க. அப்படியே இருங்க" என்றேன்.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. காவிரியில் குளித்துவிட்டுத் திரும்பிய பெரியவர் ஒருவர் ஈர வேட்டியோடு வண்டியின் பின்னால் வந்து, குறுக்குக் கம்பியின் கொக்கியைக் கழற்றப் பார்த்தார்.

"கம்பியைத் தொடாதீங்க" என்றேன்.

"என்ன ஓய் இது, கொழந்தைகள் நசுங்கிண்டிருக்கு. மொதல்ல அதுகளை எறக்கும். குதிரையை அப்புறம் கொஞ்சலாம்."

"தொடாதீங்க சாமி. வண்டி முன்னால வந்துடும்."

"உமக்குக் கொழந்தை குட்டி உண்டோ இல்லையோ?"

வண்டிக்குள்ளிருந்து, எல்லாருக்கும் அடியிலிருந்து, "நான்தான் மாமா" என்றாள் தனம்.

பெரியவர் கையை எடுத்துவிட்டார்.

காதர் பாய் எழுந்து, தலைப்பாகை அவிழ்ந்து தோளில் தொங்க, ஒரு ஏர்க்காலைப் பிடித்தார். வெற்றிலைக் கட்டுச் சுமந்து வந்த இரண்டு பேர் கட்டை இறக்கிவிட்டு மற்றொன்றைப் பிடித்தார்கள். "இப்ப எல்லாரும் இல்ல. மேல இருக்கற சின்னப் பொண்ணு மட்டும் முன்னால நகரட்டும். எழுந்திருக்காம, உக்காந்தபடியே" என்றேன். அவள் நகர்ந்தாள். ஏர்க்கால் கொஞ்சம் இறங்கியது. அடுத்தவள் நகர்ந்தாள். எதிரே வந்த பஸ்காரர் ஹாரன் அடித்தார். வெற்றிலைக்காரர்களில் ஒருவர் அவரைப் பார்த்து, "யோவ், குதிரைக்குக் காது கேக்குதான்னு பாக்கறியா?" என்றார். ஹாரன் நின்றது.

தனம்தான் கடைசி. அவள் அடியில் இருந்தாள், வேறு வழியில்லை. அந்த நேரம் முழுக்க மைனாவின் இடது முன்னங்குளம்பு என் முகத்துக்கு நேரே இருந்தது. வாரக்கணக்காக நாங்கள் பார்க்க முடியாத குளம்பு. லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவே ஒரு கூழாங்கல் பதிந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்க முடியுமா என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். என் பெண் அடியில் கிடக்கிறாள், நான் கூழாங்கல்லைப் பார்க்கிறேன்.

கடைசியாகத் தனம் முன்னால் நகர்ந்ததும் மைனாவின் கால்கள் தரையைத் தொட்டன. நடுங்கியது, ஆனால் நின்றது. என் கை பழக்கத்தில் தோளிலிருந்து காலின் வழியே கீழே இறங்கியது. மைனா காலைத் தூக்கிக் கையில் கொடுத்தது. வேப்பமரத்தின் பட்டையை உரித்த அதே குதிரை. விரலால் கல்லை நெம்பி எடுத்தேன். அது காலை இழுக்கவில்லை. காதர் பாய் குனிந்து குளம்பைப் பார்த்தார்.

"சார், வண்டியை அவுக்காம இருக்கறப்ப நாம காலைக் கேட்டதே இல்லையே" என்றார்.

யாரும் கேட்டதில்லை. குளம்பைப் பார்க்க வேண்டும் என்றால் முதலில் வண்டியை அவிழ்ப்பதுதான் எல்லாரும் செய்வது. வண்டியில் பூட்டியிருக்கும்போது அதை யாரும் கீழே தள்ள மாட்டார்கள் என்று மைனா கணக்குப் போட்டிருந்தது.

பெண்களை இறக்கி, பாலத்தில் நடத்திக் கூட்டிப்போனோம். சிராய்ப்புகள்தான். ஒருத்தியின் டிபன் டப்பா நசுங்கியிருந்தது. தனத்தின் முதுகில் கம்பி அழுத்திய தடம் இருந்ததை அவள் அம்மா சாயங்காலம்தான் பார்த்தாள்.

"எல்லாரும் ஏன்டி பின்னால குவிஞ்சீங்க?" என்றேன்.

"நீங்கதானே அப்பா சொன்னீங்க, முன்னங்கால்ல பாரம் கொறஞ்சா தேவலைன்னு. நான்தான் எல்லாரையும் பின்னால உக்காரச் சொன்னேன்."

நான் சொன்னது வைத்தியத்தின்படி சரி. ஜட்காவுக்குப் பொருந்தாது. இரண்டும் ஒன்றல்ல என்பதை ஒரு பெண்ணிடம் பாலத்தின்மேல் நடந்துகொண்டே விளக்குவது கடினம். விளக்கவில்லை.

வீட்டில் என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஏங்க, கை நீட்டினவளைத் தாண்டியா போனீங்க?" அதைத் தனம் சொல்லியிருக்கவில்லை. ஈர வேட்டிப் பெரியவர் ஸ்ரீரங்கம் முழுக்கச் சொல்லியிருந்தார். பாராட்டாகத்தான் சொல்லியிருந்தார் என்று கேள்வி. என் மனைவிக்கு அது பாராட்டாக வந்து சேரவில்லை. குதிரை சரியாகிற வரைக்கும் பெண் வீட்டில் இருக்கட்டும் என்றாள். மற்ற வீடுகளிலும் அதையே சொல்லிவிட்டார்கள். காதர் பாயின் வண்டி காலியாக நின்றது. அந்த வாரக் கடைசியில் என் மைத்துனர் வந்து, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் ஒரு பையனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நல்ல பையன் என்றார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு லாடக்காரரைத் தேடிப் போனேன்.

"வண்டியில பூட்டினபடியேவா லாடம் கட்டச் சொல்றீங்க?" என்றார் ஆறுமுகம். "சார், அது நகந்தா சக்கரம் என் மேல ஏறும். எனக்கும் வீட்டுல பொண்ணு இருக்கு."

சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கருங்கல் வைத்தோம். காதர் பாய் தலையைப் பிடித்தார். ஆறுமுகம் காலைத் தொட்டார். மைனா நகரப் பார்த்தது. வண்டி காலியாக இருப்பது அதற்குப் பிடிக்கவில்லை. ஆள் ஏறும்போது அசையாமல் நிற்பது மட்டும்தான் அதற்குக் காதர் பாய் பழக்கியது. ஆள் ஏற வேண்டும்.

தனம் என்னோடு வந்திருந்தாள். "நான் ஏறட்டுமாப்பா?" என்றாள்.

அவள் ஏறியிருந்தால் மைனா நின்றிருக்கும். அவளை அதற்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வேண்டாம் என்றேன். அதற்கு வைத்தியக் காரணம் எதுவும் என்னிடம் இல்லை. ஒருமுறை அவளைத் தாண்டிப் போயாயிற்று, போதும் என்று இருந்தது. உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வந்தால், காரணம் இல்லாமலே வேண்டாம் என்று சொல்லலாம்.

பக்கத்து ஸ்டாண்டிலிருந்து நாலு ஜட்காக்காரர்களைக் கூட்டி வந்து ஏற்றினோம். அவர்கள் யாரும் ஜட்காவுக்குள் உட்கார்ந்து பழக்கப்பட்டவர்கள் இல்லை. கால் வைக்க இடமில்லை என்றார்கள். வைக்கோல் குத்துகிறது என்றார்கள். காதர் பாய், "முன்னால வாங்க, கொஞ்சம் முன்னால வாங்க" என்றார்.

"எங்க போறோம் பாய்?" என்றார் ஒருவர்.

"ஒண்ணும் போகலை. பேசாம உக்காருங்க. சத்திரம் வரைக்கும் போறதா நெனச்சுக்குங்க."

ஆறுமுகம் காலைக் கேட்டார். மைனா கொடுத்தது. பழைய லாடத்தைக் கழற்றி, நீண்டிருந்த குளம்பைச் சீவி, அரம் போட்டு, புதுசு கட்டி முடிக்கும்வரை நின்றது. நாலு காலும் முடிந்தபோது வண்டிக்குள் இரண்டு பேர் தூங்கிப்போயிருந்தார்கள்.

பெண்கள் மறுபடி ஸ்கூலுக்குப் போனார்கள். மைத்துனர் அந்த ஒர்க்‌ஷாப் பையனின் ஜாதகத்தை வேறு வீட்டுக்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு எப்போதும் மைனாவுக்குப் பூட்டியபடி, ஆள் ஏற்றித்தான் லாடம் கட்டினோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

மற்றபடி, மிரண்ட குதிரை என்றால் முதலில் தலையைப் பிடிக்க வேண்டும். பின்னால் யார் கிடந்தாலும் அதுதான் சரி. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் இருப்பது வேறு ஒன்றில். அன்றைக்கு நான் யோசித்துத்தான் தலைக்குப் போனேனா, அல்லது இத்தனை வருஷ வேலையில் கால் தானாகப் போயிற்றா என்பது தெரியவில்லை. யோசித்துப் போனதாகத்தான் வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

தனம் என்னிடம் ஒருநாளும் இதைப் பற்றிக் கேட்டதில்லை. ஆனால் ஒன்று செய்கிறாள். ஸ்கூல் வாசலில் வண்டி நின்றதும் மற்றப் பெண்கள் குதித்து இறங்கிவிடுகிறார்கள். இவள் மட்டும் உட்கார்ந்தே இருப்பாளாம். "தலையைப் பிடிச்சாச்சா பாய்?" என்று கேட்பாளாம். காதர் பாய் இறங்கி முன்னால் போய்ப் பிடித்த பிறகுதான் காலை வெளியே வைப்பாளாம். ஸ்கூல் வாட்ச்மேன் இதைப் பற்றிப் புகார் சொன்னதாகக் காதர் பாய் சொன்னார்.

எனக்கு இப்போது வேலை எதுவும் இல்லை. சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டதும் முழங்காலைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து, மைனாவின் கடிவாளத்தைப் பிடித்துக்கொள்கிறேன். தனம் உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கிறாள். பிடித்திருப்பது நான்தான் என்றால் கேட்காமலே இறங்கிவிடுகிறாள்.